மலைப் பக்கம் சுற்றிய காயில்

என் தம்பிக்கு வாய் இல்லை என்று செஞ்சியில் யாரும் சொல்ல மாட்டார்கள். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சிங்கவரத்திலிருந்தும் வல்லத்திலிருந்தும் கடைக்கு வருகிறவர்களிடம் மழை, மல்லாட்டைக் கடலையின் விலை, மாட்டுக்கு வந்த நோய் என்று டீ ஆறும்வரை பேசுவான். வீட்டுக்குள் கால் வைத்ததும் பாதிப் பேச்சு குறைந்துவிடும். முக்கியமான விஷயம் என்றால் சுத்தமாக நின்றுவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே அவனைச் சின்ன வயதிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டினால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவன் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். நான் கண்ணாடி ஊதுகிறவள். கல்யாணமாகிப் புதுச்சேரி போன பிறகு, கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களுக்குக் குடுவையும் குழாயும் செய்து தரும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுச் செலவுக்காகத்தான் போனேன். போன இடத்தில் அந்த நீலத் தீயோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் இறந்து, மகனும் வேலைக்காகப் பெங்களூருக்குப் போனபின், பர்னரையும் கண்ணுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு செஞ்சிக்கே திரும்பி வந்தேன். தம்பியும் அவன் பெண்சாதியும் பின்பக்கக் கொட்டகையில் பாதியை எனக்கு ஒழித்துத் தந்தார்கள்.

கண்ணாடி வால்வுகள் எரிந்து பாட்டின் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது மோட்டார் வந்த வழியில்தான். பாட்டு கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒருவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோன பழைய பெட்டி ஒன்றைக் கடையில் கொண்டுவந்து வைத்தார். தம்பி அதைப் பிரித்துச் சுற்றிக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் ஓடவிட்டுப் பார்த்தவன், அன்றைக்குச் சாப்பிடக்கூட வரவில்லை. போய்ப் பார்த்தேன். நான்கு வால்வுகள் அடுப்புத் தணலின் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன, இவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். "மோட்டாரு ஓடுனா தண்ணி வருது. இது ஓடுனா ஆளே வந்து எதிர்ல குந்தறாங்கக்கா" என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு பெரிய வாக்கியம் வீட்டுக்குள் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதன்பிறகு சும்மா இருப்பானா? ஆம்ப்ளிஃபயர் கட்டினான். அதற்கு வால்வு எங்கெங்கிருந்தோ வாங்கினான். வந்ததில் பாதி வழியிலேயே உடைந்திருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினான். பல்பு போலத்தானே இருக்கிறது, நீ ஊதேன் என்றான். பல்பு போல இருப்பது வெளியே மட்டும்தான். உள்ளே நடுவில் சூடாகும் கம்பி, அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் ஒரு வலை, அதைச் சுற்றித் தகடு. வலை சுற்றுவது அவன் வேலை. அத்தனையையும் கண்ணாடிக்குள் வைத்து, கம்பி வெளியே வரும் இடத்தில் கண்ணாடியை உருக்கி மூடுவது என் வேலை. கம்பியும் கண்ணாடியும் ஒன்றுபோல விரிந்து ஒன்றுபோலச் சுருங்க வேண்டும். அவசரமாக ஆறவைத்தால் எங்கோ ஓர் இடத்தில் மயிரிழை போல விரிசல் விடும். பிறகு பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் இழுக்க வேண்டும். மிச்சம் மீதி காற்றையும் தின்பதற்கு உள்ளே ஒரு துளி மருந்து உண்டு. அதைச் சூடாக்கினால் வால்வின் தலையில் உள்பக்கமாக ரசம் பூசிய மாதிரி பளபளவென்று படியும். அந்த ரசம் வெள்ளி மாதிரி இருந்தால் வால்வு நல்லது. பால் மாதிரி வெளுத்துவிட்டால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். நான் தூக்கிப் போட்டது ஒரு சாக்குக்கு மேல் இருக்கும். பிறகு கை படிந்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்கள் எங்கள் பெட்டிக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். நான்கு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு பாட்டு கேட்க ஏசி ரூமில் தனி நாற்காலி போடுகிறவர்களை நான் கேலி செய்யாத நாள் இல்லை. ஆனால் வேலையில் ஒரு குறை வைத்ததில்லை.

ஒவ்வொரு பெட்டியும் முடிந்ததும் தம்பி அதில் முதலில் போடுவது ஒரு கூத்துப் பதிவு. என் வீட்டுக்காரர் இருந்தபோது எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்த திரௌபதை அம்மன் திருவிழாக் கூத்து, இவன் செல்போனில் பிடித்தது. முகவீணைக் குழல், மிருதங்கம், கோமாளியான கட்டியக்காரன் அடிக்கும் லூட்டி. அதற்குப் பின்னால் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பார். அது என் வீட்டுக்காரர். அவருக்கு எந்த நகைச்சுவையும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். மிருதங்க அடி வயிற்றில் இறங்கி, அதன்மேல் அந்தச் சிரிப்பும் பிசிறில்லாமல் கேட்டால் பெட்டி சரி என்று தம்பி தலையாட்டுவான். ஏன் அதையே போடுகிறாய் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

பொங்கல் சீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். நான் புதுச்சேரியில் இருந்த காலமெல்லாம் தம்பி வருஷா வருஷம் தட்டோடு பஸ் ஏறி வருவான். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை. நான் இங்கேயே வந்துவிட்ட பிறகு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். முதல் பொங்கலன்று காலையில் ஆளைக் காணோம். பார்த்தால், தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், தெருவைச் சுற்றி, முன்வாசலில் வந்து நின்று "யக்கா" என்று கூப்பிடுகிறான். நானும் அவன் பெண்சாதியும் சிரித்த சிரிப்பில் பொங்கல் அடிப்பிடித்தது. சீர் என்றால் வெளியிலிருந்துதானே வர வேண்டும் என்று விளக்கம் வேறு சொன்னான். புருஷன் போனவளுக்கு மஞ்சள் கொத்து எதற்கு என்று தெருவில் ஒருத்தி கேட்டதற்கு, பானைக்குக் கட்ட என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டான். அதுமுதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருவைச் சுற்றித்தான் வருகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூருக்கு ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தோம். அப்போது மகன் போன் செய்தான். பேத்தி பிறந்திருந்தாள், மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். வந்து இங்கேயே இருந்துவிடு அம்மா, அந்தத் தீ முன்னால் உட்கார்ந்தது போதும் என்றான். பாசமாகத்தான் கூப்பிட்டான். பேத்தியை மடியில் போட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் இருப்பது அடுக்குமாடியில். அங்கே பர்னர் கிடையாது, பம்பு கிடையாது. நிரந்தரமாகப் போனால் நான் கண்ணாடியை மறக்க வேண்டியதுதான்.

மத்தியானம் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். மகன் கூப்பிடுகிறான், ஒரேயடியாக வரச் சொல்கிறான் என்றேன். "சரி" என்றான். கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னான்.

அவ்வளவுதான். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. போகாதே என்று சொல்ல வேண்டாம். எப்போது என்றாவது கேட்கலாம் இல்லையா? கூடப் பிறந்தவள் வீட்டைவிட்டே போகிறேன் என்கிறாள், இவனுக்கு ரசம் கேட்கிறது. ரசத்தை ஊற்றினேன். அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது என்றால் பேச்சே இருக்காது என்று அர்த்தமில்லை. எல்லாம் தம்பி பெண்சாதி வழியாகப் போகும். "ஆக்சிஜன் சிலிண்டரு தீரப் போவுதுன்னு அவுங்ககிட்ட சொல்லு" என்று நான் சொல்வேன். அந்த 'அவுங்க', என் தம்பி, இரண்டடி தள்ளித்தான் நிற்பார். வந்துவிடும் என்று சொல் என்பார். அவள் கொட்டகை வாசலில் இருந்த தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "நானு இன்னா போஸ்ட்மேனா அண்ணி?" என்று கேட்டாள். 

இந்த நிலையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெட்டிக்கு இரண்டு காயில் வேண்டும். வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும். ஒன்று தள்ள மற்றது இழுக்கும், ஆளுக்கு ஒரு காயில். மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டும் பருவம், கடையில் எரிந்த மோட்டார் குவிந்து கிடந்தது. எனவே ஆளுக்கு ஒன்று சுற்றினோம். எங்கள் கொட்டகையில் நீளமான மேஜை, அதன் இரு பக்கமும் கையால் சுற்றும் மிஷின் ஒவ்வொன்று. கம்பி உருளைகள் சுவரோரம் நிற்கும், அதனால் இருவருமே சுவர்ப்பக்கத்திலிருந்துதான் தொடங்குவோம். அவன் உட்கார்ந்தால் எதிரே மலை. நான் உட்கார்ந்தால் எதிரே ரோடு. முகத்துக்கு முகம் பார்த்துச் சுற்றுவதால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கைப்பிடியைத் தொடுவதற்கு முன் தம்பி "மலைப் பக்கம்" என்பான், இல்லாவிட்டால் "ரோட்டுப் பக்கம்" என்பான். நானும் அதையே திருப்பிச் சொல்வேன். சொல்லிவிட்டுத்தான் சுற்றத் தொடங்குவோம். மலைப் பக்கம் என்றால் அவன் தன்னைவிட்டு விலகும்படி சுற்ற வேண்டும், நான் என் மடிப் பக்கமாகச் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் பேசாத தம்பி கொட்டகையில் தவறாமல் சொல்லும் வார்த்தை அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், அப்படி ஒரு சுத்தமாகச் சுற்றினேன். கோபத்தில் இருக்கும்போது என் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தான், இரண்டு காயிலும் ஒரே அளவு காட்டின. அவன் பெண்சாதியைப் பார்த்து, "நல்லா சுத்திக்கீறாங்கன்னு சொல்லு" என்றான். அவள் சொல்லவில்லை.

பெட்டி முடிந்தது. என்னுடைய புது ஜோடி வால்வுகளை மாட்டி, கூத்தைப் போட்டான். முகவீணை கொசு மாதிரி வந்தது. மிருதங்கத்தைக் காணோம். கட்டியக்காரன் தொண்டை கட்டியவன் போலப் பேசினான். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

வயல் மோட்டார்களுக்குக் கரண்ட் விட்டிருக்கும் நேரம் அது. அந்நேரத்தில் எங்கள் தெருவில் விளக்கே மங்கலாகத்தான் எரியும், வால்வும் சோர்ந்துபோகும். அதனால் அது நிற்கும்வரை காத்திருந்தோம். நின்ற பிறகும் அதே கொசு. அப்போது தம்பி என் வால்வு ஒன்றைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் தலையைப் பார்த்தான். ரசம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறான். என் கைவேலையில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்கிறான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான் வந்தது என்று அப்போது நினைத்தேன். இல்லை. நான் போன பிறகு இந்தக் கொட்டகையில் என்னைப் பற்றிக் கடைசியாக நினைக்கப்போவது இதுதான், அக்கா செய்து வைத்துவிட்டுப் போன ஜோடி சரியில்லை என்பதுதான், என்று தோன்றியது. அந்த வால்வை அவன் கையிலிருந்து வாங்கி, அலமாரியில் இருந்த பழைய ஜோடியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். மாட்டினான். அதே கொசுதான் பாடியது.

ஆக, கோளாறு வால்வில் இல்லை.  தம்பியின் வலதுகை விரல் காற்றில் வட்டம் போடத் தொடங்கியது. காயில் கட்டுகிறவர்கள் யோசிக்கும்போது இப்படித்தான் செய்வார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் விரலும் எனக்குத் தெரியாமலே சுற்ற ஆரம்பித்தது. அவன் விரல் ஒரு பக்கம் போனது, என்னுடையது வேறு பக்கம். இருவரும் அதைக் கவனித்தோம்.

"எந்தப் பக்கம் சுத்துன?" என்றான். பெண்சாதியைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே கேட்டான்.

"கை போன பக்கம்" என்றேன். "ரோட்டுப் பக்கம்."

"நானு மலைப் பக்கம் சுத்திட்டேன்."

ஒரு காயில் தள்ளியதை மற்றது தின்றுகொண்டிருந்திருக்கிறது. எப்படி மிருதங்கம் கேட்கும்?

"எப்பவும் சொல்லுவ. இந்த வாட்டி நீ சொல்லல" என்றேன்.

"நீயும் கேக்கல."

"நீ எதத்தான் சொன்ன? வூட்ட வுட்டே போறேன்னு சொல்றேன், சரின்னு சொல்லிட்டு ரசம் கேக்கற."

வெளியே தையல் மிஷின் நின்றது. தம்பி கீழே பார்த்தான். ரொம்ப நேரம் பேச மாட்டான் என்று நினைத்தேன். பேசினான்.

"உன் புள்ள கூப்புட்றான்க்கா. பேத்தி இருக்குது. போவாதன்னு சொல்ல எனக்கு இன்னா உரிமை இருக்குது?"

"உரிமை இல்லாமதான் வருஷா வருஷம் தட்டத் தூக்கிகினு தெருவச் சுத்தி வர்றியா?"

 தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைச் சூடேற வைத்தான். நான் சுற்றிய காயிலின் இரண்டு முனைகளையும் கழற்றினான். தலையை வால் இருந்த இடத்திலும் வாலைத் தலை இருந்த இடத்திலும் மாற்றி வைத்தான். அது எதிர்ப்பக்கம் சுற்றிய காயிலுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம், அவ்வளவுதான். பிரிக்கத் தேவையில்லை, வீணாகப் போனது எதுவும் இல்லை. இத்தனை நாள் ஊமைக்கூத்து ஆடியதற்கு இரண்டு கம்பியை மாற்றினால் போதும் என்று இருந்தது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

என் ஜோடியை மறுபடி மாட்டினான். தணல் நிறம் வரும்வரை நின்றோம். மிருதங்கம் வந்தது. மேஜைமேல் இருந்த திருகாணிகள் அதிர்ந்தன. கட்டியக்காரன் எதையோ சொல்ல, கூட்டம் சிரித்து அடங்கியது. பிறகு, எப்போதும்போலத் தாமதமாக, என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து சிரிப்பது போலவே இருந்தது. தம்பி தலையாட்டினான்.

அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் செய்தேன். வருகிறேன், குழந்தை எழுந்து நடக்கிறவரை இருக்கிறேன், அப்புறம் செஞ்சிக்கு வந்துவிடுவேன், கூப்பிடும்போதெல்லாம் வருவேன், நிரந்தரமாக மட்டும் இல்லை என்றேன். கோபித்துக்கொள்வான் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை.  அப்புறம் ஒன்று சொன்னான்.

"அப்ப மாமாகிட்ட இனிமே தேட வேணாம்னு சொல்லிடவாம்மா? உனக்கு பர்னர் வெக்க எடம் இருக்குதான்னு தெனமும் போன் பண்றாரு. பால்கனில வெக்கலாமான்னாரு. சிலிண்டருக்கு வுட மாட்டாங்கன்னேன். அப்ப பக்கத்துல ஒரு ஷெட்டாவது பாருடா, உங்கம்மா தீ இல்லாம இருக்க மாட்டான்னாரு. பம்ப நானே கொண்டாந்து மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்னாரு."

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பேசாமல் இருந்த அத்தனை நாளும், இவன் கடையில் மோட்டார்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, முன்பின் பார்த்திராத ஊரில் என் தீக்கு இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். என்னை அனுப்பிவிட்டு இந்தப் பம்பும் இல்லாமல் இங்கே என்ன செய்வதாக இருந்தான் என்று யோசித்துப் பார்த்தேன். அதை அவன் யோசித்தே இருக்க மாட்டான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அடுத்த பெட்டிக்கான காயிலுக்குக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தான். பெங்களூரில் ஷெட்டு பார்த்தாயாமே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான், நான் அழுதுவிடுவேன். என் மிஷின் முன்னால், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். அவன் கைப்பிடியில் கை வைத்தான். சுற்றவில்லை.

"மலைப் பக்கம்" என்றான். காத்திருந்தான்.

என் உருளையிலிருந்து கம்பியை இழுத்து மிஷினில் மாட்டினேன். அது முடிகிறவரை அவன் கைப்பிடியை அசைக்கவே இல்லை.

"மலைப் பக்கம்" என்றேன்.